புரத நேர்த்தி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கருத்தரித்த தொடக்க நாள்களில் கருப்பையின் உள்படலமான அகப்படலத்திலுள்ள புரதங்கள் அடையும் மாற்றங்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்று நான் எழுப்பிய கேள்விக்கு இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் இரண்டு முறை படித்துவிட்டே இதை எழுதுகிறேன். ‘மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாறுபாடு’ என்ற வழக்கையே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். ஆரணியிலிருந்து எழுதிய தமிழாசிரியர் ஐயா ‘திரிபு’ என்றார். வாணியம்பாடி அன்பர் ‘பதனம்’ என்றார். மூன்றையும் நிறுத்துப் பார்த்தபின், நான்காவதாக ‘நேர்த்தி’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன். ஏன் அந்த மூன்றும் வேண்டாம், ஏன் இது வேண்டும் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

எனக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலூரில் செவிலிய மாணவியருக்கு உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், சோளிங்கர், போளூர் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலப் பாடநூலுக்குத் துணையாக அவர்களுக்கென்று தமிழில் ஒரு குறிப்பேடு எழுதிவருகிறேன். கருப்பதிதல் பற்றிய பகுதியில் ‘மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாறுபாடுகளால் அகப்படலப் புரதங்களின் செயல் ஒழுங்குபடுத்தப்படுகிறது’ என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அதை வாய்விட்டுப் படித்த மாணவி ஒருத்தி, ‘மேடம், இதை யார் மொழிபெயர்த்தது?’ என்று கேட்டாள். அவள் கருத்தாகத்தான் கேட்டாள். புரிந்துகொள்ள வேண்டும் என்று முயன்ற ஒரு பிள்ளையை அந்த வாக்கியம் வேறு திசைக்கு அனுப்பிவிட்டது. அன்று மாலையே இந்தக் குழுமத்துக்கு எழுதினேன்.

சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். மனித மரபணுத்தொகுதியில் புரதத்துக்கான செய்தியைத் தாங்கிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அந்தச் செய்தியின்படி அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதச் சங்கிலி உருவாகிறது. சங்கிலி உருவானதோடு வேலை முடிவதில்லை. அதன் மேல் ஓரிடத்தில் பாஸ்பேட் ஏறலாம். இன்னோரிடத்தில் சர்க்கரை மூலக்கூறுகள் கிளைகிளையாகக் கோக்கப்படலாம். சங்கிலியின் ஒரு துண்டு நறுக்கி எடுக்கப்படலாம். யுபிக்விட்டின் என்னும் 76 அமினோ அமிலங்களைக் கொண்ட சிறு புரதமே முழுதாக வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஏறுகின்ற பாஸ்பேட் தொகுதியின் எடை சுமார் 80 டால்டன்தான். பல்லாயிரம் டால்டன் எடையுள்ள புரதத்துக்கு அது ஒரு பொட்டு. அந்தப் பொட்டு ஏறியதும் புரதம் விழித்துக்கொள்கிறது, இறங்கியதும் அடங்குகிறது, அல்லது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. 1955இல் தசையில் இருக்கும் ஒரு நொதியை ஆராய்ந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும், பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் அந்த நொதியை முடுக்கவும் நிறுத்தவும் செய்கின்றன என்று காட்டினர். 1992இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏறவும் இறங்கவும் முடியும் என்ற இந்தப் பண்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தேர்வதில் இதுவே எனக்கு உரைகல்லாக இருந்தது.

‘மொழிபெயர்ப்பு’ என்ற சொல்லோடு எனக்குப் பகையில்லை. மரபுச் செய்தி புரதமாவதை நம் பள்ளி நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன; அதை இப்போது மாற்றப் போனால் குழப்பமே மிஞ்சும். ஆனால் ‘மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாறுபாடு’ என்ற தொடரில் இரண்டு குறைகள் இருக்கின்றன. நடப்பது என்ன என்று அது சொல்லவில்லை, எப்போது நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அப்படிச் சொல்லும் காலமும் முழுக்கச் சரியன்று. அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தின் மேல் சர்க்கரை கோக்கப்படும் வேலை, பெரும்பாலும் சங்கிலி, புரதத்தைக் கோக்கும் உறுப்பான ரைபோசோமிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பாதி நெய்த புடவையிலேயே ஒருத்தி பூவேலை செய்யத் தொடங்குவதைப் போன்றது அது. ‘பிந்தைய’ என்று பெயரிலேயே வைத்துவிட்டு, அடிக்குறிப்பில் ‘சில உடனிகழ்பவை’ என்று திருத்திக்கொண்டிருக்கும் நிலை ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தச் சிக்கலை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

கருப்பையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கிளைக்கோடெலின் என்று ஒரு புரதம் இருக்கிறது. கருப்பை அகப்படலத்தின் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. ஆணின் விந்துப் பாய்மத்திலும் அது இருக்கிறது. முட்டையைச் சுற்றியுள்ள நுண்ணறை நீரிலும் இருக்கிறது. மூன்றிலும் அமினோ அமில வரிசை ஒன்றே. அந்த வரிசையின் மேல் கோக்கப்பட்ட சர்க்கரைகள் மட்டுமே வேறு. அகப்படலத்திலிருந்து வரும் கிளைக்கோடெலினின் சர்க்கரைக் கிளைகளில் சயாலிக் அமிலம் இருக்கிறது. அது விந்தணு முட்டையின் உறையில் ஒட்டுவதைத் தடுக்கிறது, தாயின் நோயெதிர்ப்புச் செல்களைத் தணிக்கிறது. விந்துப் பாய்மத்திலிருக்கும் கிளைக்கோடெலினில் சயாலிக் அமிலம் இல்லை. அதற்கு அந்தத் தடுக்கும் குணமும் இல்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முட்டை வெளிப்படும் நாள்களில் அகப்படலம் இந்தப் புரதத்தைச் சுரப்பதில்லை. விந்தணுவைத் தடுக்கக் கூடாத நாள்கள் அவை. சில நாள் கழித்துக் கரு வந்து சேரும் நேரத்தில் சுரப்பு பெருகுகிறது. மரபணு ஒன்று, சங்கிலி ஒன்று, ஆனால் மேலே செய்த வேலைப்பாட்டால் புரதத்தின் குணமே வேறாகிவிடுகிறது. நமக்கு வேண்டிய சொல் இந்த ‘மேலே செய்த வேலைப்பாட்டை’ச் சொல்ல வேண்டும்.

செவிலியர்கள் கையால் தொடும் எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. கருத்தரித்தபின் அகப்படலத்தின் செல்கள் இன்சுலின்போன்ற வளர்ச்சிக் காரணியைப் பற்றிக்கொள்ளும் பிணைப்புப் புரதம் ஒன்றை ஏராளமாகச் சுரக்கின்றன. முதல் பிணைப்புப் புரதம் என்று அதற்குப் பெயர். அந்தச் செல்கள் வெளியிடும் புரதத்தில் பாஸ்பேட் மிகுதியாக ஏறியிருக்கும். பனிக்குட நீரில் நிறைந்திருக்கும் அதே புரதத்திலோ பாஸ்பேட் ஏறாத, அல்லது குறைவாக ஏறிய வடிவங்களே அதிகம். பாஸ்பேட் ஏறிய வடிவம் வளர்ச்சிக் காரணியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மாதம் நிறையாமல் வலி வந்த பெண்ணின் கருப்பைக் கழுத்திலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த நீரில் பாஸ்பேட் ஏறிய வடிவம் தென்பட்டால், படலங்கள் விலகத் தொடங்கியிருக்கலாம் என்று கொள்கிறார்கள். பனிக்குடம் உடைந்ததா இல்லையா என்று ஐயம் எழுந்தால், பனிக்குட நீருக்குரிய வடிவத்தைத் தேடும் வேறு சோதனைப் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே புரதம், இரண்டு பட்டைகள், இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவிக்குத் தமிழில் ஒரு சொல்லால் விளக்க முடியாமல் நான் திணறியிருக்கிறேன்.

இனி ‘திரிபு’. ஆரணி ஐயாவின் மடலைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். நன்னூலார் புணர்ச்சியில் நேரும் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுத்ததைச் சுட்டி, புரதத்தில் நடப்பதும் அம்மூன்றே என்று அவர் எழுதியிருந்தார். பாஸ்பேட்டோ சர்க்கரையோ புதிதாக வந்து சேர்வது தோன்றல். ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இருந்த இடத்திலேயே சிட்ருலினாக மாறுவது திரிதல். சங்கிலியின் ஒரு பகுதி நறுக்கப்பட்டு நீங்குவது கெடுதல். இதைவிடத் தெளிவான வகைப்பாட்டை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. குறிப்பேட்டில் இந்தப் பகுப்பை அப்படியே எடுத்தாள அவரிடம் இசைவு கேட்டிருக்கிறேன். ஆனால் பொதுப்பெயராகத் ‘திரிபு’ ஆகாது. கொரோனாக் காலத்தில் நச்சுயிரியின் மரபணு மாறி வந்த வகைகளை நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் ‘டெல்டா திரிபு’, ‘ஒமைக்ரான் திரிபு’ என்றே எழுதின. அந்தச் சொல் இப்போது மரபணு மாற்றத்தோடு மக்கள் மனத்தில் ஒட்டிவிட்டது. நாம் பேசுவதோ மரபணு மாறாமலே நிகழ்வது. ‘விகாரம்’ என்றால் அருவருப்பான தோற்றம் என்று பொருள்படும். இலங்கையில் அது மரபணுச் சடுதி மாற்றத்துக்கே பாடநூல் சொல்லாக வழங்குகிறது. ஆக, அதுவும் இல்லை.

‘பதனம்’ குறித்து நான் நெடுநேரம் யோசித்தேன். வாணியம்பாடி அன்பர் சொன்னதில் அறிவியல் பொருத்தம் இருக்கிறது. ஆம்பூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு என்று நம் பாலாற்றங்கரை முழுதும் நடக்கும் தோல் பதனிடும் தொழில், வேதியியல் கண்ணால் பார்த்தால் புரதத்தை மாற்றும் வேலைதான். தோலில் இருப்பது கொலாஜன் என்னும் புரதம். குரோமியம் அந்தக் கொலாஜனின் அமிலத் தொகுதிகளைப் பற்றி, இழையோடு இழையைப் பிணைக்கிறது. பச்சைத் தோல் 60 பாகைச் செல்சியசை ஒட்டிய வெந்நீரிலேயே சுருண்டுவிடும். குரோமியம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். அதற்கு முன்பு ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்து வாரக்கணக்கில் பதனிட்ட காலத்திலும் நடந்தது இழைப் பிணைப்புத்தான். மேலும், அந்தக் கொலாஜன் விலங்கின் உடலில் உருவானபோதே அதன் புரோலின்களின் மேல் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் கிடைக்காத மாலுமிகளுக்கு ஈறு கரைந்து இரத்தம் வந்தது இது நடக்காமல் போனதால்தான். ஆக, செருப்பாகும் தோல் உயிரோடிருந்தபோது ஒரு முறையும், தொட்டியில் கிடந்தபோது ஒரு முறையும் மாற்றம் பெற்றிருக்கிறது. இதை அவருடைய மடல் வந்தபின்தான் நான் சேர்த்துப் பார்த்தேன், நன்றி.

இருந்தாலும் பதனத்தின் நோக்கம் நிலைப்பு. ஏறிய குரோமியம் இறங்கக் கூடாது என்பதுதான் தொழிலின் வெற்றி. செல்லுக்குள்ளோ பாஸ்பேட் ஏறிச் சில நிமிடங்களில் இறங்கிவிடுவதும் உண்டு. யுபிக்விட்டின் ஒட்டிய புரதங்கள் பல சிதைப்புக்கு அனுப்பப்படுகின்றன. சிதைக்கப்படப் போகும் புரதத்தைப் ‘பதனம்’ பெற்றது என்றால், ‘பாதுகாக்கப்பட்டது’ என்றே தமிழர் பொருள்கொள்வர். பழக்கூழையும் மீனையும் பதனப்படுத்துவதாகத்தானே அங்காடியில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ‘நேர்த்தி’க்கு வருகிறேன். இது எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து எனக்குக் கிடைத்த சொல். ஆடிப் பட்டத்தில் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பதற்கு முன் விதை நேர்த்தி நடக்கும். உடைத்துப் பொறுக்கிய பருப்பைச் சணல் சாக்கின் மேல் பரப்புவார்கள். ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கொட்டிக் கரைத்து, அதைத் தெளித்து, உள்ளங்கையை அகல வைத்து மெதுவாகப் புரட்டுவார் அம்மா. ‘அழுத்தாதே, தோல் உரிஞ்சிடும், தோல் போனா முளைக்காது’ என்று அப்பா ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். புளிய மர நிழலில் அரைமணி நேரம் உலரும். பருப்பு பார்வைக்கு அதே பருப்புத்தான். மேலே கறுப்பாக ஒரு பூச்சு, அவ்வளவே. ஆனால் அது மண்ணுக்குள் போனபின் வேரில் முடிச்சுக் கட்டி, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிரைக் கூடவே கொண்டுபோகிறது. ‘நேர்த்தி பண்ண விதை ராத்திரி தங்கக் கூடாது’ என்று அன்றே விதைத்துவிடுவார்கள்.

இதில் நமக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. விதை மாறவில்லை, அதன் இனமும் மாறவில்லை. விதையின் மேல் செய்யப்பட்ட ஒரு சிறு வேலை, அது மண்ணில் எப்படி வாழும் என்பதை முடிவுசெய்கிறது. வேலைக்கு ஏற்ற நேரம் உண்டு, காலக்கெடுவும் உண்டு. பூசியது கழுவினால் போய்விடும். வேளாண் துறையின் துண்டறிக்கைகளும் வானொலியின் உழவர் நிகழ்ச்சிகளும் ஐம்பது வயதுக்காரரிலிருந்து பள்ளிப் பிள்ளை வரை இந்தச் சொல்லைக் கொண்டுசேர்த்துவிட்டன. நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: விதைத்தபின் களையெடுத்து, மண் அணைத்து, மல்லாட்டைக்கு ஜிப்சம் இடுவது வரையிலான வேலைகளை வேளாண் நூல்கள் ‘பின்செய் நேர்த்தி’ என்கின்றன. ஆக, ‘நேர்த்தி’ முன்னும் பின்னும் உடனும் சேர்த்துச் சொல்ல இடம் தரும் சொல். காலத்தைக் குறித்தே ஆக வேண்டிய இடத்தில், சங்கிலி முடிந்தபின் நடப்பதைப் ‘பின்நேர்த்தி’ என்றும், சங்கிலி வெளிவரும்போதே நடப்பதை ‘உடன்நேர்த்தி’ என்றும் பிரிக்கலாம். இரண்டுக்கும் பொதுவாகப் ‘புரத நேர்த்தி’.

மறுப்புகளையும் நானே எழுப்பிக்கொண்டேன். நேர்த்தி என்றால் அழகு, செம்மை என்றும் பொருள். நோயில் நிகழும் தவறான மாற்றத்தை எப்படி நேர்த்தி என்பது? விதை நேர்த்தியிலும் மருந்தின் அளவு மீறினால் முளை கருகும். அப்போதும் அது நேர்த்திதான், தவறிய நேர்த்தி. ‘மிகைநேர்த்தி’, ‘பிழைநேர்த்தி’ என்று அடைகொடுத்தால் போதும். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் ‘நேர்த்திக்கடன்’ நினைவுக்கு வராதா என்றால், வரும். குழந்தை வேண்டி இரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் நேர்ந்துகொண்டவர்கள் என் மாணவியரின் வீடுகளிலேயே இருப்பார்கள். ஆனால் ‘புரத’ என்ற அடை முன்னால் நிற்கும்போது குழப்பம் எழாது என்றே நினைக்கிறேன். ‘விதை நேர்த்தி’ என்று கேட்டு எந்த உழவரும் கோயிலை நினைத்ததில்லை.

உட்பிரிவுச் சொற்களில் இரண்டை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். பாஸ்பேட் சேர்வதற்கு ‘பாஸ்பேட் ஏற்றம்’, நீங்குவதற்கு ‘பாஸ்பேட் இறக்கம்’. அந்த வேலையைச் செய்யும் நொதிகள் ‘ஏற்றி’யும் ‘இறக்கி’யும். லாரி நிற்கும் இடமெல்லாம் ஏற்றுகூலி, இறக்குகூலி என்று நாம் நாளும் கேட்கும் இணை இது. மாணவி ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டாள். சர்க்கரையில்தான் எச்சரிக்கை வேண்டும். நொதியின் துணையோடு குறித்த இடத்தில் குறித்த வகையில் சர்க்கரை சேர்வது ஒன்று. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது நொதியின்றித் தானாகவே ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்வது வேறொன்று. மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று நோயாளிகள் சொல்லும் சோதனை அளப்பது இந்த இரண்டாவதை. இரண்டையும் ‘சர்க்கரையேற்றம்’ என்று எழுதினால் பெரும்பிழை நேரும். ஆகவே முதலாவதைச் ‘சர்க்கரை கோத்தல்’ என்றும் இரண்டாவதைச் ‘சர்க்கரை படிதல்’ என்றும் வேறாக வைப்போம். கோப்பதற்குக் கை வேண்டும், படிவதற்கு வேண்டாம். மற்றவை எளியவை: துண்டு நீங்கும் வகைக்கு ‘நறுக்கு நேர்த்தி’, சிறு புரதம் ஒட்டும் வகைக்கு ‘யுபிக்விட்டின் ஒட்டு’, ‘சுமோ ஒட்டு’.

பதனத்தை விட்டாலும் அதன் வேரான ‘பதம்’ என்ற சொல்லை நான் விட மனமில்லாமல் வேறோர் இடத்தில் வைத்திருக்கிறேன். அகப்படலம் எல்லா நாளும் கருவை ஏற்பதில்லை. முட்டை வெளிப்பட்ட ஆறாம் நாளையொட்டித் தொடங்கிச் சில நாள்களே அது ஏற்கும் நிலையில் இருக்கிறது. அந்த நிலையைப் ‘பதம்’ என்றும், அந்த நாள்களைப் ‘பதநாள்கள்’ என்றும் சொல்லலாம் என்று எழுதியிருந்தேன். அதற்குக் குடியாத்தம் பகுதியில் கிராமச் செவிலியராகப் பணியாற்றும் அம்மா ஒருவர் எழுதிய மறுப்பு என்னை நிறுத்திவைத்தது. பெண்ணை விளைநிலம் என்றும் ஆணை விதைப்பவன் என்றும் பேசிப்பேசி, பிள்ளையில்லை என்றால் ‘மண் சரியில்லை’ என்று பெண்ணைப் பழிக்கும் வீடுகளுக்குள் தினமும் போய்வருகிறவர் அவர். நிலத்தின் பதம் என்ற பொருளில் அந்தச் சொல்லைக் கொண்டுவர வேண்டாம் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அறிவியலும் அவர் பக்கமே இருக்கிறது: அகப்படலம் சும்மா கிடக்கும் மண்ணன்று. 1992இல் வெளியான ஆய்வொன்றில், லிஃப் என்னும் புரதம் இல்லாத பெண் சுண்டெலிகளின் கருக்கள் நலமாகவே இருந்தும் அவற்றின் கருப்பையில் பதியவில்லை. அதே கருக்களை வேறு சுண்டெலியின் கருப்பையில் வைத்ததும் பதிந்து வளர்ந்தன. லிஃப் வந்து தொட்டதும் அகப்படலச் செல்களுக்குள் ஸ்டாட்-3 என்னும் புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. ஏறியபின்னரே அது உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது. 2003இல் மனித அகப்படலத்தில் கண்டதும் இதைப் போன்றதே: பதநாள்களில் படலத்தின் மேற்பரப்பில் கோக்கப்பட்ட சர்க்கரைகளில் சல்பேட் ஏறுகிறது; கருவின் வெளிச்செல்கள் எல்-செலக்டின் என்னும் புரதத்தால் அந்தச் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்கின்றன. வெள்ளையணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்ளும் அதே பிடி அது. ஆகவே ‘பதம்’ என்று நான் சொல்வது அடுப்படிப் பதம். வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வருவதைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து அறிகிறவள் செய்கிற வேலையின் பதம். குறிப்பேட்டில் அந்த எடுத்துக்காட்டையே தருகிறேன். நில உவமையை முழுதும் நீக்கிவிட்டேன்.

அதே அம்மா கேட்ட இன்னொரு கேள்விக்கும் இங்கேயே விடை சொல்கிறேன். கருத்தரித்தபின் மாறிய அகப்படலத்தை ‘உதிர்படலம்’ என்று எழுதியிருந்தேன். இலத்தீனப் பெயரின் நேர்ப்பொருள் அதுதான். பிள்ளைப்பேற்றின்போது நஞ்சுக்கொடியோடு சேர்ந்து உதிர்வதால் வந்த பெயர். ஆனால் ஆறாவது வாரத்தில் இருக்கும் பெண்ணுக்கு, அதிலும் முன்பு ஒரு கரு கலைந்துபோன பெண்ணுக்கு, ‘உதிர்’ என்ற சொல்லை எப்படிப் படித்துக்காட்டுவது என்று அவர் கேட்டார். முடிவில் நேர்வதை வைத்துப் பெயரிடுவதைவிட, அந்த மாதங்களில் அது செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவதே நல்லது. ‘ஏந்துபடலம்’ என்று வைக்கலாமா? படலத்தின் செல்கள் நீண்ட வடிவத்திலிருந்து உருண்டு, சுரக்கத் தொடங்கும் மாற்றத்துக்கு ‘ஏந்துபடலமாதல்’. மனிதரில் இந்த மாற்றம் கரு வருமுன்பே புரொஜெஸ்டரோன் என்னும் ஹார்மோனின் தூண்டலால் தொடங்கிவிடுகிறது. சுண்டெலியிலோ கரு வந்து தொட்ட பிறகே தொடங்கும். கை நீட்டிக் காத்திருப்பது என்ற பொருள் மனிதப் படலத்துக்கு இன்னும் பொருந்துகிறது.

இச்சொற்களையெல்லாம் சேர்த்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். தனிச்சொல்லாக நன்றாயிருப்பது வாக்கியத்தில் இடறுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம் அல்லவா. பத்தி இது:

‘முட்டை வெளிப்பட்டபின் புரொஜெஸ்டரோன் உயர்கிறது, கருப்பை அகப்படலம் ஏந்துபடலமாக மாறத் தொடங்குகிறது. இம்மாற்றத்தில் புதிய புரதங்கள் உருவாவதோடு, இருக்கும் புரதங்கள் நேர்த்தியும் பெறுகின்றன. சிலவற்றில் பாஸ்பேட் ஏறுகிறது; சிலவற்றில் சர்க்கரை கோக்கப்படுகிறது; சில நறுக்கப்பட்டுச் செயல்வடிவம் கொள்கின்றன. புரொஜெஸ்டரோனின் ஏற்பியும் நேர்த்தி பெறும் புரதமே: அதன் மேலுள்ள சுமோ ஒட்டுக் குறையும்போது அது ஹார்மோனுக்கு இன்னும் கூர்மையாகச் செவிசாய்க்கிறது. பதநாள்களில் அமைந்த நேர்த்திகள் அந்நாள்கள் கடந்ததும் பெரும்பாலும் மாறிவிடுகின்றன. எனவே மாதிரித் திசுவை எந்த நாளில் எடுத்தோம் என்பதைக் குறிக்காத சோதனை பயன்தராது. எடுத்த திசுவை உடனே பனிக்கட்டியில் வைத்து, இறக்கி நொதிகளைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும்; தாமதித்தால் ஏறியிருந்த பாஸ்பேட் குழாயிலேயே இறங்கிவிடும்.’

இதை வகுப்பில், முன்பு கேள்வி கேட்ட அதே மாணவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நிறுத்தாமல் படித்தாள். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும், ‘நேர்த்தி பண்ண விதையை வெயில்ல வெச்சா செத்துடும்ன்னு எங்க தாத்தா சொல்வாரு, அதுமாதிரிங்களா மேடம்?’ என்றாள். ரைசோபியம் வெயிலில் சாகும். பாஸ்பேட் சூட்டால் இறங்குவதில்லை, திசுவிலேயே இருக்கும் இறக்கி நொதிகள் சூடு இருக்கும்வரை வேலை செய்துகொண்டிருப்பதால் இறங்குகிறது என்று விளக்கினேன். உடனே குறிப்பேட்டில் ‘பனிக்கட்டியில் வைத்து’ என்பதற்குப் பின் ‘இறக்கி நொதிகள் குளிரில் மந்தமாகும்’ என்று ஒரு தொடரைச் சேர்த்துக்கொண்டாள்; நானும் என் படியில் சேர்த்துவிட்டேன்.

‘நேர்த்தி பெற்ற புரதம்’ என்பதா, ‘நேர்த்த புரதம்’ என்று வினையாகவே ஆளலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. ‘நேர்’ என்ற வினைக்கு ‘நிகழ்’, ‘வேண்டிக்கொள்’ என்ற பொருள்கள் முந்திக்கொண்டு வருகின்றன. ஆரணி ஐயா இதற்கு இலக்கண வழி சொல்லி எழுதினால் அதன்படியே அடுத்த இயலைத் திருத்துகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து